சீர்காழிக்காரர் கேட்ட ஐந்து கேள்விகள்

கூகுளில் இப்போது ஒரு பெயரைத் தட்டினால் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி வருகிறது. கணித மேதை ராமானுஜன் என்று தட்டிப் பாருங்கள். பிறந்தது ஈரோடு, ஆண்டு 1887, கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி, உடன் உழைத்தவர் ஹார்டி என்று வரிசையாக வரும். ஈரோட்டைத் தொட்டால் அந்த ஊரில் பிறந்த மற்றவர்கள், ஹார்டியைத் தொட்டால் அவருடைய வாழ்க்கை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கலாம். 2012 மே மாதத்தில் கூகுள் இதைக் கொண்டுவந்தது. ‘நாலெட்ஜ் கிராஃப்’ என்று பெயர் வைத்தார்கள். நம் வசதிக்கு அறிவு வலை என்று வைத்துக்கொள்வோம்.

வலை என்றதும் பயப்பட வேண்டாம். நமக்குத் தெரிந்த விருத்தாசலம் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விழுப்புரம் பக்கம் ஒரு பாதை, திருச்சி பக்கம் ஒன்று, சேலம் பக்கம் ஒன்று, நம் நெய்வேலி வழியாகக் கடலூருக்கு ஒன்று. ஊர் என்பது புள்ளி, பாதை என்பது கோடு. அறிவு வலையும் இதேதான். ஊர்களுக்குப் பதிலாக ஆட்கள், இடங்கள், பொருள்கள், நூல்கள். தண்டவாளத்துக்குப் பதிலாக ‘இவருக்கு மகன்’, ‘இந்த ஊரில் பிறந்தவர்’, ‘இதனால் ஆனது’ என்ற உறவுகள். அவ்வளவுதான்.

உறவுகளைச் சேர்த்து வைப்பது ஒரு வேலை. சேர்த்து வைத்ததை ஒரு மனிதன் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி காட்டுவது வேறு வேலை, அதுதான் கடினமான வேலை. கோடிக்கணக்கான புள்ளிகளை எப்படிக் காட்டுவது? எங்கிருந்து தொடங்கச் சொல்வது? வழி தவறினால் எப்படித் திரும்புவது? இன்று கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இதற்கென்றே ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆனால் கேள்வி கம்ப்யூட்டருக்கு மிகவும் முந்தியது. அதற்குச் சொல்லப்பட்ட நல்ல பதில்களில் ஒன்று நம் பக்கத்து ஊர்க்காரருடையது. சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலம் கடந்தால் சீர்காழி. 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு அந்த ஊரின் பெயர்தான் இனிஷியல். அவரிடம் வருவதற்கு முன் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

பார்வை ஒன்று, பார்வை இரண்டு

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அறிவு வலை புதிதல்ல. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ‘பொருள்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘பார்வை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்த ந.க. எண் கடிதம், இன்ன தேதியிட்ட அரசாணை, இன்னாருடைய மனு என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டிருப்போம். அந்த ஒவ்வொரு பார்வைக்கும் அதனதன் பார்வைகள் உண்டு. பிடித்துக்கொண்டு பின்னால் போனால் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நிலத் தகராற்றின் முதல் மனுவில் போய் நிற்கலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும். புதிய கடிதம் பழைய கடிதத்தைச் சுட்டும். பழைய கடிதத்துக்குப் புதியது ஒன்று வந்திருப்பதே தெரியாது. பின்னால் போகலாம், முன்னால் வர முடியாது. அதற்காகத்தான் சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் முறை என்று ஒன்றை வகுத்து, தன்பதிவேடு, அட்டவணை என்றெல்லாம் வைத்தார்கள். தன்பதிவேட்டை ஒழுங்காக எழுதாத பிரிவில் கோப்புகள் இருந்தும் இல்லாதவைதான். பீரோவில் காகிதம் பத்திரமாக இருக்கும், அதற்கு வழிதான் இருக்காது.

நம் புலவர்களுக்கும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. நிகண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று தொடங்கி, செயல், ஒலி வரை பிரித்திருக்கிறது. அகர வரிசை கிடையாது. ஒரு சொல்லைத் தேடுகிறவனுக்கு அதன் இனத்தார் எல்லோரும் ஓரிடத்தில் கிடைப்பார்கள். ஆனால் அந்தச் சொல் எந்த இனம் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் செய்தவனுக்கு அது வசதி, புதிதாக வருகிறவனுக்குக் கதவு எங்கே என்றே தெரியாது.

1910-இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ மறுபக்கம் போனது. முழுக்க அகர வரிசை. எந்தப் பெயரையும் நொடியில் எடுத்துவிடலாம். ஆனால் ஒரு வம்சத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தந்தை ஒரு பக்கம், மகன் நானூறு பக்கம் தள்ளி, மருமகள் இன்னொரு கோடியில் இருப்பார்கள். விரல்களைப் பக்கங்களுக்கு நடுவே செருகி வைத்துக்கொண்டு படிக்க வேண்டியதுதான். என் வயதுக்காரர்களில் அப்படிப் படிக்காதவர் குறைவு.

இனப்படி அடுக்கினால் நுழைவது கஷ்டம், அகர வரிசையில் அடுக்கினால் உறவு சிதறிப் போகும். இந்த முடிச்சுதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

மரமும் திருப்பி அனுப்புதலும்

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குத் திதரோவின் கலைக்களஞ்சியம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். 1751-இல் முதல் தொகுதி. 1765-க்குள் எழுத்துத் தொகுதிகள் மட்டும் 17 வந்தன, கட்டுரைகள் எழுபதாயிரத்துக்கும் மேல். அரசாங்கம் இரண்டு முறை தடுத்து நிறுத்தியும் வந்தன. பாடத்தில் அதன் அரசியலைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் அமைப்பைப் பற்றி யோசிக்க எனக்குப் பல காலம் பிடித்தது.

திதரோவும் தாலம்பேரும் இதே முடிச்சில்தான் மாட்டிக்கொண்டார்கள். கட்டுரைகள் அகர வரிசையில். ஆகவே உறவுகள் சிதறின. அதற்கு இரண்டு மருந்து வைத்தார்கள். ஒன்று, முதல் தொகுதியில் மனித அறிவு முழுவதையும் ஒரே தாளில் கிளை கிளையாக வரைந்து காட்டிய படம். நினைவு என்ற கிளையில் வரலாறு, பகுத்தறிவு என்ற கிளையில் தத்துவமும் விஞ்ஞானமும், கற்பனை என்ற கிளையில் கவிதை. தாலம்பேர் தம் முன்னுரையில் இதை உலக வரைபடத்துக்கு ஒப்பிட்டார். உலகப் படத்தில் நாடுகளின் இருப்பிடம் தெரியும், தெருக்கள் தெரியாது. தெருக்களுக்குத் தனித்தனிப் படங்கள், அவையே கட்டுரைகள் என்பது அவர் கருத்து. முதலில் மொத்தத்தையும் தூரத்திலிருந்து காட்டு, பிறகு கிட்டே வரவிடு என்று இன்று திரை வடிவமைப்பாளர்கள் சொல்வதும் அதுதான்.

இரண்டாவது மருந்து, கட்டுரைக்குள் ‘இதையும் காண்க’ என்று இன்னொரு கட்டுரைக்கு அனுப்புவது. பிரெஞ்சில் ‘ரான்வுவா’ என்பார்கள், திருப்பி அனுப்புதல் என்று பொருள். திதரோ இதைக் குறும்பாகவும் பயன்படுத்தினார். தணிக்கைக்காரர் கண்ணில் படும் கட்டுரையில் பணிவாக எழுதிவிட்டு, யாரும் கவனிக்காத வேறொரு கட்டுரைக்கு வாசகனை அனுப்பி அங்கே தம் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவார். இரண்டு கட்டுரைகளிலும் இல்லாத ஒரு கருத்து இரண்டையும் சேர்க்கும் கோட்டில் இருந்தது. கோடு போடுகிறவன் சும்மா போடுவதில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம், பின்னால் வேண்டும்.

மரத்தில் ஒரு குறை உண்டு. ஒரு இலை ஒரு கிளையில்தான் இருக்க முடியும். நம் நெய்வேலி நிலக்கரியை எந்தக் கிளையில் வைப்பது? மண்ணியலிலா, எரிபொருளிலா, மின்சாரத்திலா, கடலூர் மாவட்ட வரலாற்றிலா? எதில் வைத்தாலும் மற்ற மூன்று வழியாக வருகிறவனுக்கு அது கிடைக்காது.

பிரஸ்ஸல்ஸில் ஒரு அட்டைப் பெட்டி

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் பெல்ஜியத்துக்காரர் போல் ஒத்லே. வழக்கறிஞர். நண்பர் ஆன்றி லா ஃபோன்தேனுடன் சேர்ந்து 1895-இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு நிறுவனம் தொடங்கினார். இந்த லா ஃபோன்தேன் 1913-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். உலகத்தில் அச்சான அத்தனைக்கும் ஒரு அட்டை எழுதி இழுப்பறைகளில் அடுக்குவது அவர்கள் திட்டம். அட்டைகள் கோடியைத் தாண்டின.

அட்டைக்கு ஒரு சௌகரியம். ஒரே நூலுக்கு நான்கு அட்டை எழுதி நான்கு இழுப்பறையில் போடலாம். மரத்தின் இலையை நான்கு கிளையில் ஒட்டினாற்போல. மெல்வில் டூயி 1876-இல் அமெரிக்காவில் வெளியிட்ட பத்தின் மடங்கு எண் முறையை ஒத்லே எடுத்து விரிவாக்கினார். இரண்டு பொருள்களுக்கு உறவு இருந்தால் இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு முக்காற்புள்ளி. கோட்டை எழுத்தில் எழுதிவிட்டார் என்று சொல்லலாம்.

தபாலில் கேள்வி அனுப்பினால் அட்டைகளைப் பார்த்துப் பதில் அனுப்புவார்கள். 1912-இல் ஆண்டுக்கு 1,500 கேள்விகளுக்கு மேல் வந்தன. 50 பதிலுக்கு மேல் வரும்படி பரந்த கேள்வியாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுவார்களாம். நம் கூகுளுக்கு அந்த நாகரிகம் இல்லை. 1934-இல் எழுதிய நூலில் ஒத்லே இன்னும் மேலே போனார். மேசை மேல் புத்தகம் இருக்காது, ஒரு திரையும் தொலைபேசியும் இருக்கும், தூரத்தில் உள்ள நூலின் பக்கம் அந்தத் திரையில் தெரியும் என்று எழுதினார். அதே 1934-இல்தான் அரசாங்கம் அவருடைய நிறுவனத்தின் கதவைச் சாத்தியது. போரின்போது ஜெர்மானியர் அந்த மண்டபத்தைக் காலி செய்ததில் சேகரிப்பின் ஒரு பகுதி அழிந்தது. 1944-இல் ஒத்லே இறந்தார். மிஞ்சிய அட்டைகள் இன்று மோன்ஸ் நகரத்தில் காட்சியில் இருக்கின்றன. 2013-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஒத்லேயின் ஏற்பாட்டில் ஒன்று இல்லை. இழுப்பறை முன் நிற்பவர் அவருடைய பணியாளர். கேட்பவன் தூரத்தில் தபாலுக்குக் காத்திருப்பான். வாசகனே நேரில் வந்து, தானே துழாவிக் கண்டுபிடிப்பதற்கு அது ஏற்படவில்லை. அந்த வாசகனை நடுவில் நிறுத்தியவர்தான் ரங்கநாதன்.

கணக்கு வாத்தியார் நூலகரான கதை

ரங்கநாதன் கணித ஆசிரியர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று பாடம் நடத்தியவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வந்த சில நாளிலேயே சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை பிடிக்காமல், பழைய கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய்க் கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு முடிவு செய்யலாம் என்று அனுப்பி வைத்தார்கள். போனவர் நூலகராகவே திரும்பினார்.

லண்டனில் ஒரு பெரிய கடையில் ‘மெக்கானோ’ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளைக் கொண்டு ஒருமுறை பாலம் கட்டலாம், கழற்றிவிட்டுப் பளுதூக்கி செய்யலாம். அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. டூயி முறை முழுசாகச் செய்து விற்கும் பொம்மை மாதிரி. பட்டியலில் இருக்கும் பொருளுக்குத்தான் எண் உண்டு, புதிய பொருள் வந்தால் எங்காவது இடுக்கில் செருக வேண்டும். அதற்குப் பதிலாகத் துண்டுகளை மட்டும் கொடுத்துவிட்டு, வேண்டியபோது திருகாணி போட்டுப் பூட்டிக்கொள்ளச் சொன்னால் என்ன? திரும்பி வந்த கப்பலில் இருந்த நூலகத்திலேயே சோதித்துப் பார்த்தார். 1933-இல் சென்னை நூலகச் சங்கம் அந்த முறையை நூலாக வெளியிட்டது. திருகாணியாக அவர் பயன்படுத்தியது முக்காற்புள்ளி. ஆகவே கோலன் பகுப்பு முறை என்று பெயர்.

பின்னால் 1950-களில் இதை ஐந்து கேள்விகளாகச் செதுக்கினார். எந்த நூலானாலும், எந்தச் செய்தியானாலும் இந்த ஐந்தைக் கேட்கலாம். எதைப் பற்றியது, யாரைப் பற்றியது? என்ன பொருளால் ஆனது? அதில் என்ன நடக்கிறது, என்ன செய்கிறார்கள்? எங்கே? எப்போது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிறுத்தக்குறி: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மேற்குறி.

நூலகப் பாடங்களில் வழக்கமாகக் காட்டும் உதாரணம் இது. நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே மூலம் சிகிச்சை செய்வது பற்றி 1950-இல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி. மருத்துவத்துக்கு ‘எல்’ என்ற எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேக்கு 253, ஆராய்ச்சிக்கு ‘எஃப்’, இந்தியாவுக்கு 44, 1950-க்கு ‘என் 5’. கோத்தால் ஒரு சங்கிலி. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிற்கும். காசநோய் என்று தேடி வந்தாலும், நுரையீரல் என்று தேடி வந்தாலும், மருத்துவம் என்று பொதுவாக வந்தாலும் ஒரே இடத்துக்கு வழி காட்டும் அட்டவணையை அந்தச் சங்கிலியைப் பின்னிருந்து அவிழ்த்தே எழுதிவிடலாம். இந்தச் சங்கிலி அட்டவணை முறையை பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் 1950 முதல் பயன்படுத்தியது.

இந்தக் கூறுகளுக்கு ஆங்கிலத்தில் அவர் வைத்த பெயர் ‘ஃபாசெட்’. பிரெஞ்சில் ‘ஃபாசெத்’ என்றால் சின்ன முகம், வைரத்தின் பட்டை. தமிழில் பட்டை தீட்டுவது என்கிறோமே, அதே பட்டை. கல் ஒன்றுதான், எந்தப் பட்டை வழியாகப் பார்த்தாலும் அதே கல்லுக்குள்தான் பார்க்கிறோம். மரத்தின் சங்கடம் இதில் இல்லை. நெய்வேலி நிலக்கரியை எந்தக் கிளையில் வைப்பது என்ற வழக்கே எழாது. பொருள் என்ற பட்டையில் பழுப்பு நிலக்கரி, செயல் என்ற பட்டையில் எரித்தல், இடம் என்ற பட்டையில் நெய்வேலி, காலம் என்ற பட்டையில் 1962. எந்தப் பக்கம் திருப்பினாலும் கிடைக்கும்.

இதைப் படிக்கும்போது நம் இலக்கணம் எனக்கு நினைவுக்கு வரும். நிலமும் பொழுதும் முதற்பொருள், அதன் பின் கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியர் பிரித்தாரே. பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பள்ளியில் படித்தோமே. ரங்கநாதன் அங்கிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. இடமும் காலமும் கேட்காமல் எதையும் விளங்கிக்கொள்ளாத பழக்கம் நமக்கு வெகு நாளாக உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

கிரகணத்திலிருந்து ஒரு பாடம்

அவருடைய இன்னொரு யோசனையை நூலகத் துறைக்கு வெளியே அதிகம் பேர் அறியவில்லை. திரை அமைப்பவர்களுக்கு அதுவே பெரிய பாடம் என்று எனக்குப் படுகிறது. அலமாரி முன் வந்து நிற்கும் வாசகன் கண்ணுக்கு எது எப்படித் தெரிய வேண்டும் என்று அவர் கேட்டார். அவன் தேடுவது நடுவில், நேர் எதிரே இருக்க வேண்டும். அதன் இரு பக்கமும் நெருங்கிய உறவுள்ள நூல்கள். அதற்கும் அப்பால், இரு கோடியிலும் உறவில்லாதவை. கிரகணத்தில் கருநிழல், அதைச் சுற்றிப் புறநிழல், அதற்கு வெளியே வெளிச்சம் இருப்பது போல. கிரகணச் சொற்களையே அதற்குப் பெயராகவும் வைத்தார்.

இதில் எல்லாமே வாசகனிடமிருந்து தொடங்குகிறது. உலக அறிவு முழுவதையும் அவன் தலையில் கொட்டவில்லை. நீ நிற்கும் இடம் இது, உன் பக்கத்தில் இருப்பது இது, தூரத்தில் இருப்பது அது. அவன் இரண்டு அடி நகர்ந்தால் நடுவும் நகரும். வாசகனின் நேரத்தை வீணாக்காதே என்பதை 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்றாகவே வைத்தவர் அவர்.

அலமாரிக்கு ஒரு வரிசைதான் உண்டு. இடம், வலம் தவிர வேறு பக்கம் இல்லை. திரை வந்த பிறகு எல்லாப் பக்கமும் திறந்துகொண்டது. 1986-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபர்னஸ் என்ற ஆராய்ச்சியாளர் ‘மீன் கண்’ காட்சி என்று ஒன்றை எழுதினார். கவனிக்கும் இடம் பெரிதாகவும், தள்ளிப் போகப் போகச் சிறிதாகவும், முக்கியமானது மட்டும் தூரத்திலிருந்தும் தெரியும்படியாகவும் காட்டுவது. இவர் அவரைப் படித்தாரா என்பது முக்கியமில்லை. கேள்வி ஒன்றாக இருந்தால் பதிலும் பக்கத்தில்தான் வந்து நிற்கும்.

நூல்கண்டும் வடிகட்டியும்

கம்ப்யூட்டர் வந்ததும் எல்லோருக்கும் ஒரு ஆசை வந்தது. வலை முழுவதையும் அப்படியே வரைந்து காட்டிவிட்டால் என்ன? வரைந்தார்கள். ஐம்பது புள்ளி வரை அழகாக இருக்கும். ஐந்நூறு ஆனால் பூனை விளையாடிய நூல்கண்டு. ஐயாயிரம் ஆனால் தலைமுடிச் சிக்கு. சுவரில் மாட்டலாம், ஒரு கேள்விக்குப் பதில் எடுக்க முடியாது.

ரங்கநாதன் நூல் வெளிவந்த அதே 1933-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் என்ற வரைவாளர் வரைந்த படமும் அச்சாகி வந்தது. நேர்க்கோடுகள், சாய்கோடுகள், வண்ணங்கள். மைல் கணக்கு கிடையாது, தெருக்கள் கிடையாது. பயணிக்கு வேண்டியது இரண்டுதான்: எங்கே ஏறுவது, எங்கே மாறுவது. மற்றதை எல்லாம் துணிந்து விட்டுவிட்டார். உலகம் முழுவதும் ரயில் படங்கள் இன்றும் அப்படித்தான் வரையப்படுகின்றன. வலையைக் காட்டுவதில் பாதித் திறமை எதைக் காட்டாமல் விடுவது என்பதில் இருக்கிறது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டி ஹர்ஸ்ட் என்ற பேராசிரியை குழுவினர் ஆயிரக்கணக்கான ஓவியங்களுக்கும் நோபல் பரிசு பெற்றவர்களுக்கும் ஒரு தேடுதிரை அமைத்தார்கள். பக்கத்தில் பட்டைகள்: எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தத் துறை. ஒன்றைத் தொட்டால் மற்றவை தாமாகச் சுருங்கும். எதைத் தொட்டால் எத்தனை கிடைக்கும் என்ற எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்கும், ஆகவே வெறுங்கையோடு திரும்ப நேராது. வந்த வழி மேலே எழுதியிருக்கும், தொட்டால் திரும்பிவிடலாம். 2003-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், வெறும் பெட்டியில் சொல்லைத் தட்டித் தேடுவதைவிட இதையே பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள்.

உங்களுக்கும் இது பழக்கமானதுதான். பேரன் உங்களுக்காக ஆன்லைனில் குக்கர் வாங்கும்போது இடப்பக்கம் பாருங்கள். எத்தனை லிட்டர், அலுமினியமா ஸ்டீலா, என்ன விலை, எந்தக் கம்பெனி. பொருள் இன்னது, எதனால் ஆனது என்று சீர்காழிக்காரர் கேட்ட கேள்விகள் குக்கர் கடைக்கு வந்திருக்கின்றன. அந்த வடிகட்டிக்குத் துறைக்காரர்கள் இன்றும் சொல்லும் பெயர் ‘ஃபாசெட்’. அவர் 1972-இல் காலமானார். அந்தக் கடையைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நம் ஊருக்கு ஒரு வலை

இத்தனையும் எதற்குச் சொன்னேன் என்றால், நம் ஊருக்கு இப்படி ஒரு வலை வரைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கத்தான். முதற்புள்ளி ஜம்புலிங்க முதலியார். 1930-களில் கிணறு தோண்டியபோது பழுப்பாக ஏதோ வந்ததைக் கவனித்தவர். அங்கிருந்து 1956-இல் நிறுவனம், 1957-இல் சுரங்க வேலைத் தொடக்கம், 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-இல் சோவியத் உதவியோடு மின்சாரம். சக்கர வாளி இயந்திரத்திலிருந்து ஜெர்மனிக்கு ஒரு கோடு. அனல்மின் நிலையத்திலிருந்து மாஸ்கோவுக்கு ஒரு கோடு. யூரியாவிலிருந்து வயல்களுக்கு. லெக்கோ கரியிலிருந்து நம் அம்மாக்களின் குமுட்டி அடுப்புக்கு. வட்டம் எண்ணும் வீட்டு எண்ணும் சொன்னால் ஆளையே கண்டுபிடிக்கும் ஊர் இது. பட்டை பட்டையாகப் பிரிக்க இதைவிட வசதியான ஊர் கிடையாது.

ஆனால் இந்த வலையைக் கம்ப்யூட்டர் எதைக் கொண்டு பின்னும்? ஆண்டறிக்கை, செய்தித்தாள், விக்கிப்பீடியா. அவற்றில் ஆண்டும் மெகாவாட்டும் இருக்கும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களிலிருந்து இன்று அந்தக் குடும்பங்கள் வாழும் இடங்களுக்குப் போகும் கோடு இருக்குமா? ஏரியிலிருந்து, அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த பயிருக்கு? ஊர்க் கோயிலிலிருந்து, அந்தச் சாமியை எடுத்துப் போய் வைத்த புதிய இடத்துக்கு? நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அது பொறியியல் புத்தகத்தில் இருக்கும். அதே தண்ணீர் சுற்று வட்டாரத்துக் கிணறுகளோடு என்ன உறவு கொண்டிருந்தது என்பது அந்தக் கிணற்றில் இறைத்தவர்கள் சொன்னால்தான் தெரியும்.

இங்கேதான் திதரோ நினைவுக்கு வருகிறார். கோட்டைப் போடுகிறவர் எதையோ சொல்கிறார். போடாமல் விடுகிறவரும் சொல்கிறார். திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் இல்லாத கோட்டை அது காட்டாது. பார்க்கிறவர்கள், குறிப்பாக நம் பேரப்பிள்ளைகள், திரையில் இல்லாத உறவு உலகத்திலும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். தன்பதிவேட்டில் ஏறாத கோப்பின் கதிதான்.

இதற்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு தபால் அட்டை அளவு காகிதம் போதும். ஐந்து வரி. யார் அல்லது எது? என்ன பொருள்? என்ன நடந்தது? எந்த இடம், அதன் பழைய பெயர் என்ன? எந்த வருடம், வருடம் நினைவில்லாவிட்டால் எந்தப் புயலுக்கு முன், எந்தத் தேர்தலுக்குப் பின்? ஒரு காகிதத்தில் ஒரு செய்தி மட்டும். உங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் முதல் காகிதத்தை அவரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதை வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். டப்பாவின் மேல் ஊர்ப் பெயரை எழுதி, அது எங்கே இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.